ஒரே கார், இரண்டு பிரீமியம்

சென்ற ஆகஸ்டில் ஒருநாள் மதிய உணவு இடைவேளையில் எங்கள் பள்ளியின் ஆசிரியர் அறையில் ஒரு சிறு வழக்கு நடந்தது. அறிவியல் ஆசிரியரும் தமிழாசிரியையும் மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரே வாரத்தில், ஒரே ஷோரூமில், ஒரே மாடல் கார் வாங்கியவர்கள். இருவருக்கும் ஒரே காப்பீட்டு நிறுவனத்திலிருந்து புதுப்பித்தல் குறுஞ்செய்தி வந்திருந்தது. அறிவியல் ஆசிரியருக்குச் சொல்லப்பட்ட தொகை, தமிழாசிரியைக்குச் சொல்லப்பட்டதைவிட ஏறத்தாழ மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் அதிகம்.

"டீச்சர், உங்களுக்கு மட்டும் எப்படிக் குறையுது? லேடீஸ்னு தள்ளுபடியா?" என்று அவர் கேட்க, "நீங்க வேகமா ஓட்டுறது கம்பெனிக்கும் தெரிஞ்சிருச்சு போல சார்" என்று அவர் பதில் சொல்ல, அறையே சிரித்தது. பிறகு இருவரும் தாள்களை என் மேசைமேல் வைத்தார்கள். கணக்கு வாத்தியார் என்றால் எல்லாக் கணக்கும் தெரியும் என்பது நம் பள்ளிகளில் உள்ள நம்பிக்கை. எனக்கு அன்று தெரியவில்லை. படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், அவர்கள் விளையாட்டாகச் சொன்ன இரண்டு காரணங்களைப் பார்ப்போம். பிரிட்டன் போன்ற நாடுகளில் ஓட்டுநரின் வயது பிரீமியத்தில் பெரிய பங்கு வகிக்கிறது. அங்கே உரிமம் வாங்கிய இளைஞர்கள் கட்டும் தொகையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் ஆணுக்கு ஒரு கட்டணம், பெண்ணுக்கு ஒரு கட்டணம் என்றும் இருந்தது. 2011-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் அது கூடாது என்று தீர்ப்பளித்து, 2012 டிசம்பர் 21 முதல் அந்த வேறுபாடு நின்றது. நம் நாட்டில் கதை வேறு. இங்கே காப்பீடு பெரும்பாலும் வண்டியைத்தான் பார்க்கிறது. ஓட்டுகிறவரை அதிகம் பார்ப்பதில்லை. உரிமையாளரின் வயதையும் தொழிலையும் கேட்டுச் சிறு தள்ளுபடி தரும் நிறுவனங்கள் உண்டு. ஆனால் ஒருவர் எப்படி ஓட்டுகிறார் என்பதன் தடயம் பாலிசித் தாளில் முக்கியமாக ஒரே ஒரு வரியில்தான் தெரியும். அந்த வரிக்குப் பிறகு வருகிறேன்.

பாலிசித் தாளை இரண்டு பாதியாகப் பிரித்துப் படிக்க வேண்டும். ஒன்று, மூன்றாம் தரப்புக் காப்பீடு. நம் வண்டியால் வேறொருவருக்கு நேரும் இழப்புக்கானது இது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 146-ஆம் பிரிவு இதைக் கட்டாயமாக்குகிறது. மற்றொன்று, சொந்தச் சேதக் காப்பீடு. நம் வண்டி அடிபட்டாலோ திருடு போனாலோ நமக்குக் கிடைப்பது. இது நம் விருப்பம்.

மூன்றாம் தரப்புக்கான தொகையை நிறுவனங்கள் முடிவு செய்வதில்லை, அரசே அறிவிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அறிவிக்கையின்படி, ஆண்டுக்கு 1000 சி.சி. வரையுள்ள காருக்கு 2,094 ரூபாய், 1000 முதல் 1500 சி.சி. வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். ஸ்கூட்டர், பைக்குகளில் பெரும்பாலானவை அடங்கும் 75 முதல் 150 சி.சி. வகைக்கு 714 ரூபாய். மின்சார வண்டிகளுக்கு 15 சதவீதம் குறைவு. பள்ளி, கல்லூரிப் பேருந்துகளுக்கும் 15 சதவீதத் தள்ளுபடி உண்டு. அறிவிக்கை மாறினால் இந்தத் தொகைகளும் மாறும். ஆனால் ஒரே நாளில் எந்த நிறுவனத்தில் கேட்டாலும் இந்தப் பகுதி ஒன்றாகவே இருக்கும். நாற்பது வருடம் விபத்தே இல்லாமல் ஓட்டியவருக்கும் நேற்று உரிமம் வாங்கியவருக்கும் இதில் ஒரு ரூபாய் வித்தியாசம் கிடையாது.

தொகை சிறிதாக இருப்பதால் இதை அலட்சியமாக நினைக்கிறோம். முன்பு என்னோடு பணியாற்றிய ஆசிரியர் ஒருவரின் ஸ்கூட்டர் காப்பீடு காலாவதியாகி ஒன்பது நாள் ஆகியிருந்தது. அரையாண்டுத் தேர்வு நேரம். 'சம்பளம் வந்ததும் கட்டலாம்' என்று விட்டிருந்தார். பள்ளிக்கு வரும் வழியில், சாலையைக் கடந்த ஒரு முதியவர்மேல் வண்டி மோதியது. முதியவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. வழக்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனது. காப்பீடு நடப்பில் இருந்திருந்தால் அந்த இழப்பீட்டை நிறுவனம் தந்திருக்கும். உயிரிழப்புக்கும் உடற்காயத்துக்கும் நிறுவனத்தின் பொறுப்புக்கு உச்சவரம்பே கிடையாது. காப்பீடு இல்லாததால் முழுத்தொகையும் அவர் தலையில் விழுந்தது. கட்டாவிட்டால், சட்டத்தின் 174-ஆம் பிரிவின்படி மாவட்ட ஆட்சியர் வழியாக நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கலாம். மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கு என்று வைத்திருந்த பணத்தை எடுத்துத்தான் கட்டினார். காப்பீடு இல்லாமல் ஓட்டினால் முதல்முறை 2,000 ரூபாய், அடுத்த முறை 4,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறைகூட உண்டு என்பதையே நாம் பெரிதாகப் பேசுகிறோம். அபராதம் இதில் மிகச் சிறிய பகுதி.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும். 2018 செப்டம்பர் முதல், புதிய காருக்கு மூன்று ஆண்டும் புதிய இருசக்கர வண்டிக்கு ஐந்து ஆண்டும் சேர்த்து மூன்றாம் தரப்புக் காப்பீடு எடுக்க வேண்டும். 'அஞ்சு வருஷ இன்சூரன்ஸ் போட்டாச்சு' என்று ஷோரூமில் சொல்வது பல நேரங்களில் இதை மட்டும்தான். சொந்தச் சேதப் பகுதி ஓராண்டில் முடிந்திருக்கும். வண்டி திருடு போன பிறகுதான் பலர் தாளை எடுத்துப் பார்க்கிறார்கள்.

ஆளுக்கு ஆள், நிறுவனத்துக்கு நிறுவனம் தொகை மாறுவது இந்தச் சொந்தச் சேதப் பகுதியில்தான். இதன் அடிப்படை, வண்டியின் காப்பீட்டு மதிப்பு. தாளில் ஐ.டி.வி. என்று இருக்கும். அதே மாடலின் இன்றைய விற்பனை விலையிலிருந்து வயதுக்கேற்ற தேய்மானத்தைக் கழித்து இதைக் கணக்கிடுகிறார்கள். ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஓராண்டு வரை 15, இரண்டாம் ஆண்டில் 20, மூன்றாம் ஆண்டில் 30, நான்காம் ஆண்டில் 40, ஐந்தாம் ஆண்டில் 50. அதற்கு மேல் இரு தரப்பும் பேசி முடிவு செய்வது. வண்டி திருடு போனாலோ, பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டும் அளவுக்கு நொறுங்கினாலோ கிடைப்பது இந்த மதிப்புதான். பிரீமியம் குறையட்டும் என்று ஐ.டி.வி.யைக் குறைத்துப் போடச் சொல்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

அந்த மதிப்பில் எத்தனை சதவீதம் பிரீமியம் என்பது 2006 முடியும்வரை நாடு முழுவதும் ஒரே அட்டவணையாக இருந்தது. 2007 ஜனவரி முதல் விகிதத்தை நிறுவனங்களே வைத்துக்கொள்கின்றன. நான்கு இடத்தில் விசாரித்தால் நான்கு தொகை வருவது அதனால்தான். பதிவான ஊருக்கும் பங்கு உண்டு. சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத், அகமதாபாத், புனே ஆகிய எட்டு நகரங்கள் ஒரு மண்டலம். மற்ற ஊர்கள் எல்லாம் இன்னொரு மண்டலம். பழைய அட்டவணையில் ஐந்து வயதுக்கு உட்பட்ட 1200 சி.சி. காருக்குச் சென்னையில் 3.283 சதவீதம், விழுப்புரத்தில் 3.191 சதவீதம். நான்கு லட்சத்து இருபதாயிரம் மதிப்புள்ள காருக்கு இந்த வித்தியாசம் 386 ரூபாய்தான். கலந்தாய்வில் சென்னைக்கு மாறுதல் கிடைத்தவர்கள் இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

இப்போது எங்கள் அறையின் வழக்குக்கு வருவோம். கணக்கு எளிதாக இருக்க முழு எண்களாக எடுத்துக்கொள்கிறேன். காரின் விலை 7,00,000. நான்காம் ஆண்டில் நுழைந்ததால் 40 சதவீதம் போக ஐ.டி.வி. 4,20,000. நிறுவனத்தின் விகிதம் 2 சதவீதம் என்று கொண்டால் சொந்தச் சேதப் பிரீமியம் 8,400 ரூபாய். இதுவரை இருவருக்கும் ஒன்றே. அடுத்த வரியில்தான் பாதை பிரிகிறது. அதன் பெயர் நோ கிளைம் போனஸ். முந்தைய ஆண்டில் கிளைம் எதுவும் வாங்காதவருக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் மட்டும் தரப்படும் தள்ளுபடி அது. ஓராண்டு கிளைம் இல்லாவிட்டால் 20 சதவீதம், தொடர்ந்து இரண்டு ஆண்டுக்கு 25, மூன்றுக்கு 35, நான்குக்கு 45, ஐந்துக்கு 50. ஏணி போலப் படிப்படியாக ஏறும். ஒரு கிளைம் வாங்கினால் பரமபதப் பாம்பு கொத்தியதுபோலத் தரைக்கு வந்துவிடும்.

தமிழாசிரியைக்கு மூன்று ஆண்டும் கிளைம் இல்லை. 35 சதவீதம், அதாவது 2,940 ரூபாய் கழிந்து 5,460 ரூபாய். அறிவியல் ஆசிரியர் மூன்றாம் ஆண்டில் ஒரு கிளைம் வாங்கியிருந்தார். அவருக்கு முழு 8,400. இருவருக்கும் மூன்றாம் தரப்புத் தொகை 3,416 சேர்த்து, 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்தால், அவருக்கு 10,473.68 ரூபாய், இவருக்கு 13,942.88 ரூபாய். வித்தியாசம் 3,469.20. உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீட்டை இதில் நான் சேர்க்கவில்லை. ஏற்கெனவே அந்த அளவுக்கு ஒரு பாலிசி இருந்தால் ஒவ்வொரு வண்டிக்கும் மறுபடி கட்டத் தேவையில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

சரி, அறிவியல் ஆசிரியர் எதற்காகக் கிளைம் செய்தார்? பள்ளி வாசல் கதவில் பம்பர் உரசிவிட்டது. பில் 6,000 ரூபாய். அதில் பம்பர் 4,000, கூலி 2,000. பிளாஸ்டிக் பாகங்களுக்குச் சாதாரண பாலிசியில் பாதி விலைதான் தருவார்கள். 1500 சி.சி. வரையுள்ள காரில் ஒவ்வொரு கிளைமுக்கும் முதல் 1,000 ரூபாய் நம் பொறுப்பு. ஆக, அவர் கைக்கு வந்தது 3,000. அதற்காக இந்த ஆண்டு இழந்தது 3,469. இதோடு முடிந்ததா என்றால் இல்லை. இனி இருவருமே கிளைம் வாங்காவிட்டாலும் அடுத்த ஆண்டு அவருக்கு 45, இவருக்கு 20. பிறகு 50-க்கு 25, 50-க்கு 35, 50-க்கு 45. இவர் அவரை எட்டிப்பிடிக்க ஆறாவது புதுப்பித்தல் ஆகும். "அந்த ஆறாயிரத்தை நானே கொடுத்திருக்கலாமே சார்!" என்றார். கொடுத்திருக்கலாம். ஆனால் இதைக் கேட்டுவிட்டு, கதவும் விளக்கும் நசுங்கி அறுபதாயிரம் பில் வரும்போது போனஸை நினைத்துக் கிளைம் செய்யாமல் இருப்பது அதைவிடப் பெரிய தவறு. பில்லில் நமக்கு உண்மையில் வரும் தொகை எவ்வளவு, வரும் ஆண்டுகளில் போகும் தள்ளுபடி எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் போதும்.

போனஸ் விஷயத்தில் ஆசிரியர்கள் அடிக்கடி ஏமாறும் இடங்கள் சில உண்டு. பாலிசி முடிந்து 90 நாள்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் சேர்த்துவைத்த போனஸ் முழுவதும் போய்விடும். போனஸ் வண்டிக்கு உரியதன்று, உரிமையாளருக்கு உரியது. பழைய காரை விற்றுப் புதியது வாங்கும்போது அதை உங்களோடு கொண்டுபோகலாம். மூன்று ஆண்டுக்குள் பயன்படுத்தலாம். சக ஆசிரியரிடம் பழைய கார் வாங்குபவருக்கு அவருடைய 50 சதவீதம் கிடைக்காது. ஆர்.சி.யை மட்டும் மாற்றி, பாலிசியை அவர் பெயரிலேயே விட்டுவைப்பது நம்மிடையே சாதாரணம். 14 நாள்களுக்குள் பாலிசியையும் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இல்லையேல் சொந்தச் சேத கிளைம் தகராறாகும். இணையத்தில் புதுப்பிக்கும்போது 'சென்ற ஆண்டு கிளைம் வாங்கினீர்களா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று தட்டி 35 சதவீதம் பெறுவதும் நடக்கிறது. பழைய நிறுவனத்திடம் கேட்டுச் சரிபார்ப்பார்கள். பொய் என்று தெரிந்தால் சொந்தச் சேதப் பகுதியில் எந்தப் பலனும் கிடைக்காமல் போகலாம்.

கூடுதல் பாதுகாப்புகளும் தொகையை ஏற்றுகின்றன. பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் முழுவிலை தருவது ஒன்று. வண்டி புதிதாக இருக்கும்வரை அது பயனுள்ளது. என்ஜின் பாதுகாப்பு இன்னொன்று. 2015 வெள்ளத்தில் சென்னையில் பலர் இதைக் கசப்பாகக் கற்றார்கள். தண்ணீரில் நின்ற வண்டியைச் சாவி போட்டு முடுக்கி, உள்ளே நீர் புகுந்து என்ஜின் உடைந்தால், சாதாரண பாலிசி அதற்குப் பணம் தராது. ஓடும் கிலோமீட்டருக்கு ஏற்பக் கட்டும் வசதிக்கு 2022 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அனுமதி தந்தது. வீட்டிலிருந்து பள்ளிக்கு ஆறு கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவர்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

அந்த வாரமே இரண்டு பாலிசிகளின் கணக்கையும் பெயர் நீக்கி எட்டாம் வகுப்பில் வாழ்வியல் கணிதப் பாடத்தோடு கொடுத்தேன். சதவீதம், தேய்மானம், தள்ளுபடி, ஜி.எஸ்.டி. எல்லாம் ஒரே தாளில் இருந்தன. ஐந்து ஆண்டு வித்தியாசத்தைக் கூட்டிவரச் சொல்லி வீட்டுப்பாடம் தந்தேன். மறுநாள் ஒரு மாணவி தன் அப்பாவின் ஆட்டோ பாலிசியையே எடுத்துவந்துவிட்டாள். "எங்கப்பா எட்டு வருஷமா ஒரு கிளைமும் வாங்கல சார். இதுல ஏன் போனஸ் வரியே இல்ல?" என்றாள். வாங்கிப் பார்த்தேன். மூன்றாம் தரப்புப் பகுதி மட்டும் இருந்தது. சொந்தச் சேதப் பகுதியே எடுக்கப்படவில்லை. அவர் எவ்வளவு கவனமாக ஓட்டினாலும் அதை எழுத அந்தத் தாளில் ஒரு வரி இல்லை என்று விளக்கினேன். "அப்போ ஆட்டோ அடிபட்டா சார்?" என்று அடுத்த கேள்வி வந்தது. பாலிசியை அவள் கையில் கொடுத்து, அப்பாவை ஒருநாள் மாலை பள்ளிக்கு வந்து என்னைப் பார்க்கச் சொன்னேன்.