சாளரங்களுக்கிடையே உடனுக்குடன் தகவல் பரிமாற்றம்

ஒரு பிரயோக மென்பொருளில் ஒரே நேரத்தில் பல சாளரங்கள் திறந்திருக்கலாம். ஒன்றிற் செய்த மாற்றம் மற்றையதில் எவ்வாறு தெரியவருகிறது? தெரியாவிட்டால் என்ன நேரும்?

உதாரணம்

சுன்னாகத்தில் விவசாயிகளிடம் வெங்காயம் கொள்வனவு செய்யும் நிலையம் ஒன்றைக் கருதுக. அங்குள்ள கணினியில் விலைப்பட்டியல், பற்றுச்சீட்டு என இரு சாளரங்கள் திறந்துள்ளன. காலை 8 மணிக்கு ஒரு கிலோவின் விலை ரூபா 200. 10 மணிக்கு விலைப்பட்டியலில் அது ரூபா 240 ஆக மாற்றப்படுகிறது. பற்றுச்சீட்டுச் சாளரமோ காலையில் வாசித்த 200 ஐயே வைத்திருக்கிறது. அதன்பின் 50 கிலோ கொண்டுவரும் விவசாயிக்கு ரூபா 12,000 இற்குப் பதிலாக ரூபா 10,000 மட்டுமே கிடைக்கும். பெருக்கலிற் பிழையில்லை, பெருக்கிய விலைதான் பழையது.

காரணம்: ஒவ்வொரு சாளரமும் ஒரே தரவின் தனித்தனிப் பிரதியை வைத்திருத்தல்.

தீர்வு முறைகள்

1. வினவுதல்: பற்றுச்சீட்டுச் சாளரம் குறித்த நேர இடைவெளியில் "விலை மாறியதா?" எனக் கேட்கும். இது இலகுவானது. ஆயினும் மாற்றமில்லாத வேளையிலும் கணினிக்கு வேலை உண்டு. இரு வினவல்களுக்கு இடையில் பழைய விலையே நிற்கும்.

2. அறிவித்தல்: சாளரம் திறக்கும்போது தன்னைத் தரவிடம் பதிவுசெய்யும். தரவு மாறியதும் பதிவுசெய்த எல்லாச் சாளரங்களுக்கும் செய்தி செல்லும். வகுப்பு உண்டா என்று நீங்கள் தினமும் வந்து கேட்பது முதலாவது முறை; உங்கள் தொலைபேசி இலக்கத்தைக் குறித்துவைத்து, நேரம் மாறினால் ஆசிரியர் அறிவிப்பது இரண்டாவது முறை.

தரவை ஓரிடத்தில் வைத்து, சாளரங்களை அதன் காட்சிகளாக மட்டும் கொள்ளும் எண்ணக்கருவை 1979 இல் அமெரிக்காவின் ஸிராக்ஸ் ஆய்வு நிலையத்தில் திரிக்வே ரீன்ஸ்காக் முன்வைத்தார். வேறுவேறு மென்பொருள்களுக்கிடையே தரவை உடனுக்குடன் பரிமாறும் வசதி ஒன்று 1987 இல் வின்டோஸ் 2.0 உடன் வந்தது.

கவனிக்க வேண்டியவை

• புதிதாகத் திறக்கும் சாளரம் முதலில் தற்போதைய பெறுமானத்தை வாசிக்க வேண்டும். அடுத்த அறிவித்தல் வரும்வரை காத்திருக்கக்கூடாது.
• மூடப்படும் சாளரம் தன் பதிவை நீக்க வேண்டும். இல்லையேல் இல்லாத சாளரத்துக்குச் செய்தி சென்று வழு ஏற்படலாம்.
• வழங்கி முடித்த பற்றுச்சீட்டு மாறக்கூடாது. காலை 9 மணிக்கு ரூபா 200 இற்கு விற்றவரின் சீட்டு அவ்வாறே இருத்தல் வேண்டும். எனவே திறந்திருக்கும் சீட்டுக்கு மட்டுமே புதிய விலை செல்லும்.

செய்துபார்க்க

எக்செல் விரிதாள் ஒன்றைத் திறந்து, வியூ பட்டியில் நியூ வின்டோ கட்டளையைக் கொடுங்கள். இரு சாளரங்களையும் அருகருகே வைத்து, ஒன்றில் ஒரு கலத்தின் பெறுமானத்தை மாற்றுங்கள். மற்றையதிலும் அது மாறும்; ஏனெனில் தரவு ஒன்றே. அடுத்து அக்கலத்தைப் பிரதிசெய்து வேர்ட் ஆவணத்தில் சாதாரணமாக ஒட்டுங்கள். இப்போது விரிதாளில் மாற்றினாலும் ஆவணத்தில் மாறாது. ஏனெனில் அது பிரதி.

மாதிரி வினா: வினவுதலிலும் அறிவித்தல் சிறந்தது என்பதற்கு இரு காரணங்கள் தருக.

விடை: (1) மாற்றம் நிகழ்ந்தவுடனேயே புதிய பெறுமானம் கிடைக்கும். (2) மாற்றமில்லாதபோது கணினியின் நேரம் வீணாவதில்லை.