துளையைப் பார்த்து விலை சொல்

1972ஆம் ஆண்டின் பிற்பகுதி. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் ‘ஸ்ட்ரிங்ஸ் அண்ட் திங்ஸ்’ என்ற இசைக்கருவிக் கடையில் ஒரு பழைய கிப்சன் லெஸ் பால் கிட்டார் விலைக்கு இருந்தது. 1954இல் தயாரான அந்தக் கிட்டாரின் முகப்பு, தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது பொன்னிறம். முந்தைய உரிமையாளர் பொன்னிறத்தை நீக்கிக் கருஞ்சிவப்பு அடிக்கச் சொன்னார். கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் பிக்அப்களில், ஆலையில் பொருத்தியவற்றைக் கழற்றிவிட்டு இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கர் வகையைப் பொருத்தச் சொன்னார். கழுத்தையும் இழைத்து மெலிதாக்கச் சொன்னார். வேலையெல்லாம் முடிந்து வந்ததும் அவருக்கு அது பிடிக்கவில்லை. கடைக்கு வந்த ஆங்கிலேயக் கலைஞர் ஜெஃப் பெக்குக்குப் பிடித்துப்போனது. 1975இல் வெளியான அவருடைய ‘ப்ளோ பை ப்ளோ’ இசைத்தட்டின் அட்டை ஓவியத்தில் அவர் வாசிப்பது அதைத்தான். 2023இல் பெக் மறைந்தார். 2025 ஜனவரியில், லண்டனில் கிறிஸ்டீஸ் நடத்திய ஏலத்தில் அந்தக் கிட்டார் 10 லட்சம் பவுண்டுக்கும் மேல் போனது.

அதே கிட்டாரை ஜெஃப் பெக்கின் பெயர் இல்லாமல் ஒரு வியாபாரியின் மேசையில் வைத்துப் பார்க்கலாம். வண்ணம் போய்விட்டது. பிக்அப்களுக்காக மரம் செதுக்கப்பட்டிருக்கிறது. கழுத்தின் பருமன் குறைந்திருக்கிறது. மூன்றுமே இனி சரிசெய்ய முடியாதவை. மாற்றம் எதுவும் காணாத 1954 லெஸ் பாலின் விலையில் ஒரு பங்கைத்தான் அவர் தருவார். அந்தப் பங்கு எவ்வளவு என்று கண்டுபிடிப்பதுதான் பழைய எலெக்ட்ரிக் கிட்டார் வியாபாரத்தின் மிக நுட்பமான வேலை.

கிட்டார்களை இப்படி மாற்றியவர்களைக் குறை சொல்ல நியாயமில்லை. 1970களில் 1954ஆம் ஆண்டுக் கிட்டார் என்பது இருபது வருடப் பழைய வாத்தியம், அவ்வளவுதான். மேடையில் இன்னும் கனமான ஒலி வேண்டும் என்றால் டிமார்ஸியோ நிறுவனத்தின் பிக்அப் வாங்கிப் பொருத்தினார்கள். அந்தப் பத்தாண்டின் கடைசியில் ஃப்ளாய்ட் ரோஸ் வந்தது. கம்பியை எவ்வளவு வளைத்தாலும் சுருதி கலையாமல் பூட்டி வைக்கும் இந்தப் பொறிக்காக எத்தனையோ கிட்டார்களின் உடலைக் குடைந்தார்கள். வாசித்துப் பிழைத்தவர்கள் தங்கள் கருவியைத் தங்கள் தேவைக்கு மாற்றிக்கொண்டார்கள்.

விலை சொல்வதற்கு முன்னால் அடையாளம் காண வேண்டும். ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரை எடுத்துக்கொண்டால் இந்த வேலை எவ்வளவு சுவாரஸ்யமானது என்பது புரியும். லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவில் 1954இல் கொண்டுவந்த இந்த மாடலில் உடலும் கழுத்தும் தனித்தனி. நான்கே திருகுகள் இரண்டையும் பிடித்திருக்கின்றன. பழுதானால் எளிதாகக் கழற்றி மாற்றலாம் என்ற அதே வசதியால், ஒரு வருடத்துக் கழுத்து இன்னொரு வருடத்து உடலில் ஏறிக்கொள்கிறது. இப்படிச் சேர்த்துக் கட்டிய கிட்டாருக்கு வியாபாரிகள் ‘பார்ட்ஸ்காஸ்டர்’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். பழைய புல்லட் வாங்கப் போகிறவர் இன்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். ஸ்ட்ராட்டோகாஸ்டரில் அப்படி ஒப்பிட்டுப் பார்க்க நான்கைந்து இடங்கள் உண்டு.

முதலில் கண்ணில் படுவது வரிசை எண். நம்பக்கூடாத இடமும் அதுதான். பழைய ஃபெண்டர்களில் அது கழுத்தைப் பிடிக்கும் உலோகத் தகட்டில் இருக்கும். தகட்டை மாற்ற ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். 1976 முதல் எண் கழுத்தின் தலைப்பகுதிக்கு ஏறியது. எஸ் என்ற எழுத்தில் தொடங்கினால் எழுபதுகள், இ என்றால் எண்பதுகள், என் என்றால் தொண்ணூறுகள். எம்.என் என்று இருந்தால் தொண்ணூறுகளில் மெக்ஸிகோ ஆலையில் ஆனது. ஜே.வி என்றால் எண்பதுகளின் தொடக்கத்தில் ஜப்பானில் ஆனது. இதெல்லாம் கழுத்துக்கு மட்டுமே சாட்சி. உடலின் கதை வேறாக இருக்கலாம்.

ஆகவே கழுத்தைக் கழற்ற வேண்டும். உடலுக்குள் செருகியிருக்கும் அடிப்பாகத்தில் ஐம்பதுகளின் தொழிலாளர்கள் பென்சிலால் தேதி எழுதினார்கள். 1962இல் இருந்து முத்திரை குத்தினார்கள். அடுத்து முகப்புத் தகட்டைத் திறந்து வால்யூம் கண்ட்ரோலின் முதுகைப் பார்க்க வேண்டும். அங்கே 304 6320 என்று பொறித்திருந்தால், 304 என்பது ஸ்டாக்போல் நிறுவனம், 63 என்பது ஆண்டு, 20 என்பது வாரம். கிட்டார் அந்த வாரத்துக்கு முன்னால் தயாராகியிருக்க முடியாது என்பது மட்டுமே இதில் உறுதி. 1966இல் ஃபெண்டர் இந்தப் பாகங்களை ஏராளமாக வாங்கிக் குவித்ததால், 1969இல் ஆன கிட்டார்களிலும் 1966ஆம் ஆண்டின் குறியீடு இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு ‘66 மாடல்’ என்று விலை சொல்பவர்கள் உண்டு.

ஓரிரு வருட வித்தியாசத்துக்கு இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் இருக்கிறது. 1965 ஜனவரியில் சி.பி.எஸ் நிறுவனம் 1.3 கோடி டாலருக்கு ஃபெண்டரை வாங்கியது. அதற்கு முந்திய கிட்டார்களுக்குச் சேகரிப்பாளர்களிடம் தனி மதிப்பு. 1964ஆம் ஆண்டின் உடலில் 1971ஆம் ஆண்டின் கழுத்து இருப்பது தெரிந்தால் விலை மொத்தமாகச் சரியும்.

உலோகமும் எழுத்தும் பொய் சொன்னாலும், ஈயப்பற்றும் வண்ணமும் காட்டிக்கொடுக்கும். அறுபது வருடப் பழைய ஈயப்பற்று மங்கலாக இருக்கும், யாராவது மறுபடி சூடு வைத்திருந்தால் பளபளக்கும். இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டினால் வயதான நைட்ரோ செல்லுலோஸ் மெருகு மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். பின்னாளில் பூசிய இடம் இருண்டு திட்டாகத் தெரியும். தலையில் சுருதி முறுக்கும் கீகளைச் சுற்றி ஒரு பயன்படாத திருகுத் துளை இருந்தாலே போதும், அங்கே ஒருகாலத்தில் வேறு கீகள் இருந்தன என்று அர்த்தம்.

விரல்பலகையின் மரமும் பேசும். 1960களின் நடுவில் பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது அரிதாகவே, அமெரிக்கக் கிட்டார் ஆலைகள் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறின. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளின் ஈட்டி மரம்தான் அது. 1960 மாடல் என்று சொல்லப்படும் கிட்டாரில் ஈட்டி மரப் பலகை இருந்தால், பலகை பிற்பாடு மாற்றப்பட்டதா என்று கேட்க வேண்டும். பிரேசில் மரமாகவே இருந்தால் வேறொரு கவலை. 1992 முதல் அது சர்வதேச வணிகத்தில் தடை செய்யப்பட்ட மரங்களின் பட்டியலில் இருப்பதால், உரிய சான்றிதழ் இல்லாமல் அந்தக் கிட்டாரை நாடு விட்டு நாடு கொண்டுபோய் விற்க முடியாது.

இனி விலை. மாற்றங்களை இரண்டாகப் பிரித்தால் கணக்கு தெளிவாகும். ஸ்க்ரூ டிரைவரும் சால்டரிங் இரும்பும் கொண்டு பழைய நிலைக்குத் திருப்ப முடிந்தவை ஒரு வகை. மரத்தைத் தொட்டவை மற்றொரு வகை. பழைய பிக்அப்கள் பெட்டியில் பத்திரமாக இருந்தால் முதல் வகையால் விலை அதிகம் குறையாது. மரத்தைக் குடைந்தது, கீகளுக்காகத் துளையைப் பெரிதாக்கியது, மறுவண்ணம் பூசியது எல்லாம் திரும்பாதவை. ஐம்பது, அறுபதுகளின் கிட்டாரில் மறுவண்ணம் மட்டுமே விலையைப் பாதியாக்கும் என்பது வியாபாரிகள் பலகாலமாக வைத்திருக்கும் கணக்கு. முறிந்து ஒட்டிய கிப்சன் தலைக்கும் ஏறக்குறைய அதே கழிவு.

சாதாரண நவீன கிட்டாரில் கணக்கு வேறு, ஏமாற்றமும் வேறு. கைமாறினால் 40,000 ரூபாய் பெறும் ஒரு கிட்டாரில் ஒருவர் 15,000 ரூபாய்க்குப் பிக்அப் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் 55,000 கேட்பார். வாங்க வருபவருக்கு அந்தப் பிக்அப்பின் ஒலி பிடிக்க வேண்டும் என்று கட்டாயமா? பிடித்தாலும் பயன்படுத்திய பாகத்துக்கான விலையைத்தான் கொடுப்பார். புதிய பிக்அப்பைக் கழற்றித் தனியாக விற்று, ஆலையில் வந்ததையே திரும்பப் பொருத்திவிடுவது விற்பவருக்கு லாபம்.

இந்தக் கணக்கையெல்லாம் உடைப்பது வாசித்தவரின் பெயர். கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் 1970இல் நாஷ்வில் நகரில் ஆறு பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்களை வாங்கி, மூன்றை நண்பர்களுக்குக் கொடுத்து, மிச்சம் மூன்றின் நல்ல பாகங்களைச் சேர்த்து ‘பிளாக்கி’யை உருவாக்கினார். அசல் பார்ட்ஸ்காஸ்டர். 2004இல் அது 9,59,500 டாலருக்கு ஏலம் போனது. இன்னொரு கிட்டார் கலைஞரான டேவிட் கில்மோரின் கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டரில் கழுத்து பலமுறை மாறியது. கம்பிகளை வளைக்கும் பொறியான ட்ரெமோலோவில் வேறொன்றைப் பொருத்துவதற்காக உடலைக் குடைந்து, பிறகு அந்தக் குழியை மரத்தாலேயே அடைத்தார்கள். 2019இல் அதற்கு 39,75,000 டாலர் கிடைத்தது. அந்தக் காயங்கள் எல்லாம் மேடைப் புகைப்படங்களில் வருடவாரியாகப் பதிவாகியிருப்பதால், அவையே கிட்டாரின் அடையாள அட்டை ஆகிவிட்டன. புகைப்படமோ ரசீதோ இல்லாத ‘பிரபலம் வாசித்த கிட்டாரு’க்கு ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டியதில்லை.

பெயரும் இல்லாத, அசலும் இல்லாத கிட்டார்களுக்கும் நல்ல இடம் உண்டு. கண்ணாடிப் பேழைக்குப் போகும் அசல் கிட்டாரின் அதே மரம், அதே கழுத்து, பெரும்பாலும் அதே ஒலி பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாசிக்க விரும்பும் ஒருவர் தேட வேண்டியது இதைத்தான். வாங்குவதற்கு முன் கழுத்தைக் கழற்றியும் முகப்பைத் திறந்தும் எடுத்த படங்களைக் கேட்கலாம். நேர்மையான விற்பனையாளர் தயங்கமாட்டார். கழற்றிய பாகங்கள் எங்கே என்பதையும் கேட்டுவிட வேண்டும். 1950களின் கடைசியில் கிப்சன் பொருத்திய ‘காப்புரிமைக்கு விண்ணப்பித்துள்ளது’ என்ற ஒட்டுச்சீட்டு கொண்ட ஹம்பக்கர்கள், கிட்டார் இல்லாமல் தனியாகவே இன்று ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்கின்றன. எழுபதுகளில் அவற்றைக் கழற்றியவர்களில் பலர் மேசை இழுப்பறையில் போட்டு மறந்துவிட்டார்கள்.