கட்டம் போட்ட சாரமும் இருபத்தைந்து கிராம் நூலும்

மார்கழி பிறந்தால் வன்னியில் விடியற்காலை குளிரும். அந்தக் குளிருக்குப் பஞ்சு வைத்த போர்வை வேண்டியதில்லை. பழைய நூல் சேலை இரண்டை மடித்துப் போர்த்தினால் போதும். பிள்ளையைக் கிடத்த விரிப்பதும் அதே சேலைதான். ஆனால் மடித்த துணி இரவில் நழுவும். நாலு ஓரத்தையும் தைத்துவிட்டாலும், துவைக்கத் துவைக்க நடுப்பகுதி பைபோலத் தொங்கும். அந்த நடுவைப் பிடித்து வைப்பதுதான் குவில்ட் தையலின் வேலை. பூவும் கொடியும் அதற்குப் பிறகுதான்.

இது வெள்ளைக்காரர் கொண்டுவந்த கலை என்று எண்ண வேண்டாம். வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்தே உருவிய நூலால் ஓட்டுத் தையல் போடுவார்கள். அதன் பெயர் காந்தா. நம்முடைய ‘கந்தை’யும் அதே வடசொல்லின் வழி வந்தது. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், ஆபிரிக்க வழிவந்த சித்தி சமூகத்துப் பெண்கள் தைக்கும் ‘கவந்தி’ இன்னும் கெட்டித்தனமானது. துண்டுகளை முதலில் இணைத்து, பிறகு அடித்துணியோடு தைப்பது என்ற இரட்டை வேலை அங்கே இல்லை. ஓரத்தில் தொடங்கி, துண்டுகளை வைத்து வைத்துச் சுற்றிச் சுற்றி உள்ளே வருவார்கள். இணைப்பதும் பிடிப்பதும் ஒரே தையல். உள்ளே பஞ்சும் கிடையாது.

மேல்துணியைத் துண்டு துண்டாக முன்பே இணைத்து வைத்திருப்பவருக்குத்தான் குழப்பம் வரும்: இதன்மேல் என்ன கோலம் போடுவது? பலர் சறுக்கும் இடம் இது. பூப்போட்ட துணியும் கட்டத்துணியும் மாறி மாறி வரும் மேல்துணியில் எவ்வளவு நுட்பமாக மயிலிறகு தைத்தாலும் கண்ணுக்குத் தெரியாது. தையல் கோலம் தெரிவதே பெரும்பாலும் நூலின் நிறத்தால் அல்ல, நிழலால். நூல் அழுத்திய இடம் பள்ளமாகவும் பக்கத்துத் துணி மேடாகவும் நிற்க, சாய்ந்து விழும் வெளிச்சம் அந்த வேறுபாட்டைக் காட்டுகிறது. அச்சுப் பூக்கள் அந்த நிழலை விழுங்கிவிடும். ஆகவே உழைப்பை வெற்றுத்துணித் துண்டுகளுக்கு வைத்துக்கொண்டு, மற்ற இடங்களில் நேர்கோடோ வளைகோடோ ஓட்டிவிடலாம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள ஜீஸ் பெண்ட் கிராமத்துக் கறுப்பினப் பெண்கள் பழைய வேலை உடைகளில் தைத்த போர்வைகள் 2002இல் நியூயோர்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவர் ஏறின. அவற்றிலும் நிறத்துண்டுகள்தான் பேசுகின்றன. தையல் எளிமையான கோடுகளாகவே ஓடுகிறது.

வன்னி வீட்டில் இந்தக் கோடுகளை வரையச் சோக்கட்டிகூட வேண்டாம். கிழிந்த சாரம் ஒன்றை மேலே வைத்தால் அதன் கட்டங்களே கோடு. வெற்றுத்துணி என்றால் தேய்ந்த சவர்க்காரத் துண்டு போதும். ஒரு அலசலில் போய்விடும்.

கோலம் எதுவானாலும் அடர்த்தி சமமாக இருக்க வேண்டும். ஒரு மூலையில் அரை அங்குல இடைவெளியும் மறு மூலையில் நாலு அங்குலமும் விட்டால், நெருக்கமான பக்கம் சுருங்கும், ஐதான பக்கம் அலையலையாக எழும்பும். கோடு கூடக் கூடச் சூடு குறையும் என்பதும் உண்மை. அடுக்குகளுக்கு இடையே அசையாமல் நிற்கும் காற்றுதான் உடல் வெப்பத்தைத் தடுத்து வைப்பது. ஒவ்வொரு கோடும் அதில் கொஞ்சத்தைப் பிதுக்கி வெளியேற்றுகிறது. கனடாவில் அது நட்டம். முல்லைத்தீவில் அல்ல.

இனி நூல். கடையில் வாங்கும் பொலியெஸ்டர் நூற்கட்டையில் 120 என்ற ‘டிக்கெட்’ எண் இருந்தால், அந்த நூலின் 1000 மீற்றர் ஏறத்தாழ 25 கிராம் நிறுக்கும். 75 என்றால் ஏறத்தாழ 40 கிராம். எண் ஏற ஏற நூல் மெலியும். அச்சுத்துணியில் ஒளிந்துகொள்ள 120 நல்லது, வெற்றுத்துணியில் எழுந்து தெரிய 75. தடித்த நூலுக்கு ஊசியும் தடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நூல் பிசிறும். காரணம் மெஷினின் வேலைமுறையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு தையலுக்கும் பொபினைச் சுற்றிவர நீளமான நூல் கீழே போகிறது. தையலில் தங்குவது அதில் சிறு பகுதி, மிச்சம் திரும்ப மேலே வருகிறது. ஆகவே நூலின் அதே இடம் துணியில் படியுமுன் ஊசிக் கண்ணில் பத்து முறைக்கு மேல் ஏறி இறங்குகிறது. கைத்தையலுக்கு நன்றாக இருந்த நூல் மெஷினில் அறுவது இதனால்தான்.

பருத்தித் துணிக்குப் பருத்தி நூல்தான் வேண்டும், பொலியெஸ்டர் நூல் துணியை அறுத்துவிடும் என்பது தையற்காரரிடையே முடியாத வழக்கு. அதில் ஒரு நியாயம் உண்டு: அறுவதானால் நூல்தான் முதலில் அறவேண்டும், அதைத் திரும்பத் தைத்துவிடலாம்.

ஆனால் வன்னியில் அந்த விதி எல்லா இடத்திலும் செல்லாது. போருக்குப் பின் கிளிநொச்சியில் மாஸ் நிறுவனத்தின் ஆடை ஆலைகளும் வவுனியாவில் ஒமேகா லைன் ஆடை ஆலையும் வந்தன. அங்கே தைக்கும் விளையாட்டு உடைக்கும் உள்ளாடைக்கும் பயன்படுவது பெரும்பாலும் இழுபடும் பின்னல் துணி. அப்படியான வெட்டுத்துண்டுகளைக் கொண்டு போர்வை தைத்தால், இழுக்கும்போது துணி நீளும், பருத்தி நூல் நீளாது, ‘டக்’கென்று அறும். இங்கே பொலியெஸ்டர் நூலும் உருண்டை முனை ஊசியும் சிறிய ‘சிக்சாக்’ தையலும்தான் சரி. அதுவும் ஒத்துவராவிட்டால் கோடே வேண்டாம்: நாலு விரல் அகலத்துக்கு ஒன்றாக அடுக்குகளைக் கோத்து முடிச்சுப் போட்டுவிடலாம். முடிச்சுக்கும் முடிச்சுக்கும் நடுவில் துணி தன் விருப்பத்துக்கு நீளும்.

மெஷினில் தைப்பவர் நடுவில் தொடங்கி வெளியே போவார், சுருக்கத்தை ஓரத்துக்குத் தள்ள. கையில் கவந்தி தைக்கும் சித்திப் பெண் ஓரத்திலிருந்து நடுவுக்கு வருகிறார். சுருக்கம் விழப்போகும் இடத்தில் இன்னொரு துண்டை மடித்து வைத்துத் தைத்துவிடுகிறார்.