காவல் நிலையத்தின் சாவி யாரிடம்?

மதுரை மேலூர் சாலையில், யானைமலையைப் பார்த்தபடி நிற்கும் உயர்நீதிமன்றக் கிளை 2004 ஜூலை 24-இல் தொடங்கப்பட்டபோது, தென்மாவட்ட மக்களுக்குச் சென்னைப் பயணச் செலவு மிச்சம் என்றுதான் பலரும் கருதினோம். பொருளியல் கற்பித்தவன் என்பதால் நானும் அந்தக் கணக்கையே போட்டேன். அந்தக் கணக்கு எவ்வளவு சிறியது என்பதை 2020 ஜூன் 29-இல் அந்நீதிமன்றம் பிறப்பித்த ஓர் ஆணை உணர்த்தியது.

ஊரடங்கு விதியை மீறிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சாத்தான்குளத்தில் கைது செய்யப்பட்ட தந்தையும் மகனும் சில நாள்களில் அடுத்தடுத்து உயிரிழந்தனர். தாமாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது நீதிபதிகள் பி.என்.பிரகாஷ், பி.புகழேந்தி ஆகியோரைக் கொண்ட அமர்வு. விசாரணைக்குச் சென்ற நீதித்துறை நடுவருக்கே அந்த நிலையத்தில் ஒத்துழைப்புக் கிடைக்கவில்லை. கண்காணிப்புக் கேமரா பதிவுகள் அன்றன்றே தாமாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை அவர் அறிக்கையில் குறிப்பிட்டார். தடயங்களைக் காக்கும்பொருட்டு, அந்தக் காவல் நிலையத்தை வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவருமாறு தூத்துக்குடி மாவட்ட ஆட்சியருக்கு நீதிமன்றம் ஆணையிட்டது.

வருவாய் நிர்வாகத்தின் வரலாற்றைப் படித்தவர்களுக்கு இதில் ஒரு பெரும் முரண் தெரியும். சென்னை மாகாணத்தில் 1816-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டத்துக்குப் பின்னர் வரி வசூலும் காவல் பணியும் ஒரே கையில் இருந்தன. தாசில்தாரே வரி கேட்பார்; தராதவனைப் பிடித்து வைப்பதும் அவரது ஆள்களே. விளைவு என்ன என்பதை 1855-இல் வெளிவந்த சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை பதிவு செய்திருக்கிறது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் அடங்கிய அக்குழுவிடம் விவசாயிகள் நெடுந்தொலைவு நடந்துவந்து முறையிட்டனர். விரல்களைக் கிட்டியில் நெரிப்பது, உடலை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்துவது என நிலவரிக்காக நடந்த கொடுமைகளை அந்த அறிக்கையில் இன்று வாசித்தாலும் மனம் பதறும். நான் பொது நிதியியல் வகுப்பில் வரிவிதிப்பு நெறிகளைச் சொல்லி முடித்ததும் இதைத்தான் எடுத்துக்கூறுவேன்.

அதன் தொடர்ச்சியாக வந்ததே 1859-ஆம் ஆண்டின் சென்னை மாவட்டக் காவல் சட்டம். வருவாய்த் துறையின் கையிலிருந்த தடியை வாங்குவதற்காகத் தனிக் காவல் துறை பிறந்தது. 161 ஆண்டுகள் கழித்து, அந்தக் காவல் துறையிடமிருந்து ஒரு நிலையத்தைக் காப்பாற்ற வருவாய்த் துறையையே நீதிமன்றம் அழைக்க நேர்ந்தது.

நீதிமன்றத்தைக் குறை சொல்வதற்கில்லை. அன்று அழைப்பதற்கு வேறு எவரும் இல்லை என்பதே சிக்கல்.

இருந்திருக்க வேண்டும். பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பர் 22-இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் காவல் புகார் ஆணையங்களை அமைக்கச் சொன்னது. மாநில ஆணையத்துக்கு உயர்நீதிமன்ற அல்லது உச்சநீதிமன்ற ஓய்வுபெற்ற நீதிபதியும், மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியும் தலைவர்கள். தமிழ்நாடு 2013-இல் காவல் சீர்திருத்தச் சட்டம் இயற்றியது. பெயரெல்லாம் இருக்கிறது. ஆனால், மாநில ஆணையத்தின் தலைவர் உள்துறைச் செயலர். காவல் துறைத் தலைமை இயக்குநர் உறுப்பினர். மாவட்டத்தில் ஆட்சியர் தலைவர். காவல் கண்காணிப்பாளர் உறுப்பினர். எவரைப் பற்றிய புகாரோ, அவருடைய மேலதிகாரியே நடுவர்!

இது நடைமுறையில் எப்படிப் போகும் என்பதை, என்னிடம் பயின்று பின்னர் வட்டாட்சியராகி ஓய்வுபெற்ற ஒருவர் விளக்கினார். "திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் போலீஸ் மீது மனு வந்தால் எஸ்.பி.க்கு அனுப்புவோம் சார். அவர் டி.எஸ்.பி.க்கு, அவர் இன்ஸ்பெக்டருக்கு. கடைசியில் மனுதாரரை விசாரணைக்குக் கூப்பிடுவது அதே ஸ்டேஷன்தான்". சிரித்தபடிதான் சொன்னார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அரசு செலவிடும் பணத்தைத் தணிக்கை செய்ய அரசமைப்புச் சட்டம் 148-ஆவது பிரிவில் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரை நியமிக்கிறது. உச்சநீதிமன்ற நீதிபதியை நீக்கும் முறையில்தான் அவரையும் நீக்க இயலும். எந்தத் துறையின் கணக்கையும் அத்துறைச் செயலரே தணிக்கை செய்துகொள்ளட்டும் என்று நாம் விடுவதில்லை. 21, 22-ஆவது பிரிவுகள் உறுதியளிக்கும் உயிருக்கும் உரிமைக்கும் மட்டும் அந்த ஏற்பாடு போதும் என்றால் எப்படி? மனித உரிமை ஆணையம் இருக்கிறதே எனலாம். அது 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது, மாநிலத்துக்கு ஒன்று, கடைக்கோடிக் கிராமத்துக்கு எட்டாதது.

அதிகாரங்கள் ஒரே கையில் சேரும் பழக்கம் எளிதில் போவதில்லை. காவல் துணை ஆணையர்களுக்கே நிர்வாக நடுவர் அதிகாரம் வழங்கி, நன்னடத்தைப் பிணை கேட்கவும் மீறியவரைச் சிறைக்கு அனுப்பவும் வழிசெய்த அரசாணைகளைச் சென்னை உயர்நீதிமன்றம் 2023 மார்ச்சில் அரசமைப்புக்கு முரணானவை என ரத்து செய்தது. பிடிப்பவரே நீதி வழங்குபவராக இருக்கலாகாது என்ற பாடத்தை, 1855-க்குப் பின்னரும் நீதிமன்றம் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

சுயேச்சையான ஆணையம் வந்தால் பொய்ப் புகார்கள் குவியும், காவலர்களின் ஊக்கம் குன்றும் என்ற வாதம் உண்டு. அதைப் புறந்தள்ள மாட்டேன். எட்டு மணி நேரப் பணி என்பதையே அறியாதவர்கள் நம் காவலர்கள். ஆனால், சாத்தான்குளத்தில் நடந்ததை அச்சத்தோடு நடுவரிடம் எடுத்துரைத்தவரும் ஒரு பெண் தலைமைக் காவலர்தான். அவரைப் போன்றவர்களும் கதவைத் தட்ட ஓர் இடம் வேண்டாமா?

2025 ஜூன் இறுதியில், மதுரைக்கு மிக அருகே, திருப்புவனத்தை அடுத்த மடப்புரத்தில் நகை காணாமற்போன புகாரில் விசாரிக்கப்பட்ட கோயில் காவலாளி உயிரிழந்தார். மறுபடியும் அதே உயர்நீதிமன்றக் கிளை. மாவட்ட நீதிபதியின் விசாரணைக்கு ஆணை. சிபிஐக்கு வழக்கு மாற்றம். ஐந்தாண்டு இடைவெளியில் இம்முறையும் அழைப்பதற்குச் செயல்படும் மாவட்ட ஆணையம் இருக்கவில்லை.

2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆணையங்களின் அமைப்பைக் கூறும் பிரிவுகளைத் திருத்தினால் போதும். 38 மாவட்டங்களுக்கும் ஓர் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி, ஓர் எழுத்தர், ஒரு தட்டச்சர், ஒரு வாடகை அறை. மாநில நிதிநிலை அறிக்கையில் இச்செலவைத் தேடிக் கண்டுபிடிக்கக்கூட முடியாது. அந்த அறை ஆட்சியர் அலுவலக வளாகத்துக்கு வெளியே, பேருந்தில் இறங்கி நடந்து போகும் தொலைவில் இருக்க வேண்டும் என்பது மட்டும் என் தனிப்பட்ட வேண்டுகோள்.