பேசாத பிள்ளையும் பேசும் ஊரும்

"பிள்ளைக்கு இரண்டு வயதாகிறது, இன்னும் ஒரு சொல் வரவில்லையே!" என்று தாய் கலங்குகிறாள். ஊர் தரும் விடை என்ன? "ஆம்பளைப் பிள்ளை மெதுவாத்தான் தாயீ பேசும். உன் புருசனே நாலு வயசிலதான் வாய் திறந்தான்!" என்கிறாள் மாமியார். "கண்ணேறு, தாயத்துக் கட்டு" என்கிறார் பூசாரி. "முன்வினை" என்கிறார் திண்ணை வேதாந்தி. பிள்ளைதான் பேசவில்லை, ஊர் பேசுகிறது, ஓயாமல் பேசுகிறது!

முன்வினையாம்! பிறந்தவுடன் அழாமல், மூளைக்கு மூச்சுக்காற்று எட்டாது போன குழந்தை. மாதம் நிறையாமல் பிறந்த குழந்தை. மஞ்சள் காமாலை முற்றிய குழந்தை. நெருங்கிய சொந்தத்திலே மணமுடித்தோர்க்குச் செவித்திறன் குறைந்து பிறந்த குழந்தை - இவற்றிலே எந்த வினையைக் கண்டார் அந்த வேதாந்தி? காரணம் இருக்கிறது, கணக்கும் இருக்கிறது. நாலைந்து மாதத்திலே கழுத்து நிற்கவேண்டும். எட்டு, ஒன்பது மாதத்திலே துணையின்றி உட்காரவேண்டும். ஒன்றரை வயதிலே நடக்கவேண்டும், சில சொற்களாவது சொல்லவேண்டும். இரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கெனத் திருவனந்தபுரத்து மருத்துவர்கள் 17 வரிகளிலே ஓர் அட்டவணையே அமைத்துத் தந்திருக்கிறார்கள். பிள்ளையின் வயதுக்கு நேரே பென்சிலை நிறுத்து. அதற்கு இடப்புறம் உள்ள செயல்களிலே எதையேனும் பிள்ளை செய்யவில்லையா, மருத்துவரிடம் அனுப்பு! அவ்வளவுதான். பஞ்சாங்கம் பார்ப்பதைவிட எளிது.

ஏன் இந்த அவசரம் என்பீர்கள். முதல் மூன்றாண்டுகளிலே மூளை பச்சை மண், பயிற்சிக்கு இசைந்து கொடுக்கும். உள்செவியிலே கருவி பொருத்தும் அறுவை, 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலே கட்டணமின்றி நடக்கிறது. "பேசிடும், பேசிடும்" என்று காத்திருந்த குடும்பம், நல்ல பருவத்தைத் தொலைத்துவிட்டல்லவா அந்த வாயிலிலே வந்து நிற்கிறது!

திட்டம் இல்லாமலில்லை. 2013-லே தேசிய சிறார் நலத் திட்டம் வந்தது. ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு மருத்துவக் குழு. குறை கண்ட பிள்ளைக்கு மாவட்டத் தலைநகரிலே தொடக்கநிலை இடையீட்டு மையம். விருதுநகரிலே 2022 ஜனவரியிலே அரசு மருத்துவக் கல்லூரியும் திறந்தாயிற்று.

ஆனால் தோழர்களே, சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துத் தாய் எங்கே இருக்கிறாள்? விடிந்ததும் வேன் ஏறிப் பட்டாசு ஆலைக்குப் போகிறாள். எண்ணிக்கைக்குக் கூலி, திரி செருகினால் காசு, செருகாவிட்டால் இல்லை. பயிற்சியோ ஒருநாள் போட்டு முடிக்கும் ஊசியல்ல, வாரந்தோறும், மாதக்கணக்கிலே வரவேண்டியது. ஒவ்வொரு முறையும் ஒருநாள் கூலி போகும், பேருந்துக்கும் காசு போகும். நாலு முறை வந்தவள் ஐந்தாம் முறை வராவிட்டால், அக்கறையற்ற தாய் என்று ஏட்டிலே எழுதிவைப்பதா?

தென்காசியை அடுத்த ஆய்க்குடிக்குப் போய்ப் பாருங்கள். கழுத்துக்குக் கீழே உடல் இயங்காத ராமகிருஷ்ணன் 1981-லே தொடங்கிய அமர் சேவா சங்கத்தின் பணியாளர்கள், பிள்ளையிருக்கும் வீட்டுக்கே போகிறார்கள். தாய்க்குப் பயிற்சியைக் கற்றுத்தருகிறார்கள். முன்னேற்றத்தைக் கைப்பேசியிலே பதிகிறார்கள். விருதுநகர் ஈன்ற காமராசர் - கட்சி வேறானால் என்ன, நல்லதை நல்லதென்போம் - 1956-லே சோற்றைப் பள்ளிக்கே கொண்டுபோனார். பிள்ளை சோற்றைத் தேடி அலையவில்லை.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே, 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையிலே பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்றது. 2017-லே வந்த திருத்தம், 50 பேர் பணிபுரியும் இடமெல்லாம் என்று அதை விரித்தது. வெடிமருந்து அறைக்கருகே பிள்ளையைக் கிடத்தச் சொல்லவில்லை நாம்! வேன் புறப்படும் ஊரிலேயே அந்தக் காப்பகம் அமையட்டும். 17 வரி அட்டவணை அங்கே சுவரிலே தொங்கட்டும். வாரம் ஒருநாள் பயிற்சியாளர் அங்கே வரட்டும். அந்த ஒருநாள் கூலியைத் தாய்க்குத் தருவது ஆலையா, அரசா? சட்டமன்றத்திலே அதைப் பேசுங்கள்.