பனிக்குள் காத்திருக்கும் கறிவேப்பிலை... டொரன்டோ தமிழர்களின் கன்று கொடுக்கல் வாங்கல்!

தைப்பொங்கல் காலை. வெளியே மைனஸ் 15 டிகிரி குளிர். ராத்திரி பெய்த பனியை வாரித் தள்ளினால்தான் வாசலில் நிற்கும் காரையே எடுக்க முடியும். முற்றத்தில் கோலம் போட வழியில்லை. அதனால் வீட்டுக்குள்ளே கோலம், சமையலறை அடுப்பிலே பொங்கல்.

அந்த வீட்டு ஹாலில், தெற்கு பார்த்த ஜன்னலோரம் ஒரு பெரிய தொட்டி. அதில் பாதி இலை கொட்டிப்போன ஒரு கறிவேப்பிலைச் செடி. பொங்கலுக்கு வந்தவர்கள் குசலம் விசாரித்து முடித்ததும் அந்தத் தொட்டிப் பக்கம்தான் போகிறார்கள். 'இந்த வருஷம் தப்பிடுமா?' என்று ஒரு பார்வை பார்க்கிறார்கள்.

கனடாவின் டொரன்டோ நகரிலும், அதை ஒட்டிய மார்க்கம், பிராம்டன், ஏஜாக்ஸ் பகுதிகளிலும் பல தமிழ் வீடுகளில் ஒவ்வொரு குளிர்காலமும் இப்படித்தான் கழிகிறது. வசந்தம் வரும்வரை அந்தச் செடியை உயிரோடு வைத்திருக்க வேண்டும். அதற்காக அவர்கள் கண்டுபிடித்திருக்கும் வழி வேடிக்கையானது. செடி நம்மிடம் பத்திரமாக இருக்க வேண்டுமானால், அதை நாலு பேருக்குக் கொடுத்துவிட வேண்டும்!

ஒரு கொத்து இலைக்கா இவ்வளவு பாடு?

டொரன்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் தமிழ்க் கடைகளுக்குப் பஞ்சமில்லை. கறிவேப்பிலை, முருங்கைக்காய், பாகற்காய் எல்லாம் அங்கே கிடைக்கும். ஆனாலும், தாளிக்கிற நேரத்தில் எட்டி நாலு இலை பறித்துப் போடுகிற சுகம் கடைப் பொட்டலத்தில் வருமா?

1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து கனடா போய்ச் சேர்ந்தவர்களில் பலர் வீட்டையும் வளவையும் அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பியவர்கள். வளவு என்றால் வீட்டைச் சுற்றியுள்ள தோட்ட நிலம். மா, பலா, முருங்கை, கறிவேப்பிலை, எலுமிச்சை என்று எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருந்த வாழ்க்கை அது. இப்போதும் டொரன்டோவில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சின்ன நிலத்தைப் பலர் 'பின்வளவு' என்றுதான் சொல்கிறார்கள்.

ஊருக்குப் போய்வரும்போது ஒரு கன்றைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. பூச்சியும் நோயும் பரவிவிடக்கூடாது என்பதற்காக, வெளிநாட்டுச் செடிகளை உள்ளே கொண்டுவரக் கனடாவில் கடுமையான விதிகள் உண்டு. செடியின் நலத்துக்கு அந்த நாட்டு அரசின் சான்றிதழ் வேண்டும். இறக்குமதி அனுமதியும் தேவைப்படும். ஊர் மண் ஒட்டிய வேருக்கு அனுமதியே கிடையாது.

ஆகவே நர்சரியில் வாங்க வேண்டும், இல்லையென்றால் தெரிந்தவர்களிடம் கேட்க வேண்டும். இலங்கைத் தமிழ்ப் பேச்சில் கன்றுக்குக் 'கண்டு' என்று பெயர். கோயிலில், கல்யாண வீட்டில், பிள்ளைகளின் நடன வகுப்பு வாசலில், 'உங்களிட்ட கறிவேப்பிலைக் கண்டு இருக்கோ?' என்று தொடங்கும் பேச்சு, கடைசியில் ஒரு குடும்ப நட்பாகவே ஆகிவிடுவதுண்டு.

நகத்தால் ஒரு கீறல்

கறிவேப்பிலை வெப்பநாட்டு மரம். இரவுக் குளிர் 10 டிகிரிக்குக் கீழே போனாலே அது சுணங்கத் தொடங்கும். உறைபனி பட்டால் இலையெல்லாம் கருகிவிடும், சின்னக் கன்றாக இருந்தால் செத்தே போகும். அதனால் செப்டம்பர் கடைசியிலேயே தொட்டிகள் வீட்டுக்குள் வந்துவிடுகின்றன.

உள்ளே வந்தால் வேறு தொல்லை. டிசம்பரில் டொரன்டோவில் மாலை நாலே முக்காலுக்குள் சூரியன் மறைந்துவிடும். வீட்டைச் சூடாக்கும் ஹீட்டர் காற்றின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். வெளிச்சமும் குறைவு, ஈரப்பதமும் குறைவு. இந்த நிலையில் செடி ஒவ்வொரு இலையாக உதிர்க்கும். வறண்ட காற்றில் செம்பேனும் செதில் பூச்சியும் இலைக்கு அடியில் குடியேறும்.

புதிதாக வளர்ப்பவர்கள் இங்கேதான் தவறு செய்கிறார்கள். இலை கொட்டுகிறதே என்று பயந்து இன்னும் தண்ணீர் ஊற்றுவார்கள். குளிரில் செடி அரைத்தூக்கத்தில் இருக்கும். அது அவ்வளவு தண்ணீரைக் குடிக்காது. வேர் அழுகிப்போகும். மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகு மட்டும் கொஞ்சம் ஊற்றினால் போதும். வாரம் ஒருமுறை இலைகளைக் குளியலறை ஷவரில் கழுவி, தேவைப்பட்டால் சோப்புத் தண்ணீரால் துடைத்தால் பூச்சி கட்டுக்குள் இருக்கும். எல்இடி வளர்ப்பு விளக்கு வைத்திருப்பவர்களும் உண்டு.

பிப்ரவரி வாக்கில் சில செடிகள் வெறும் குச்சியாக நிற்கும். அப்போது அனுபவசாலிகள் ஒரு சின்னச் சோதனை செய்வார்கள். நகத்தால் தண்டின் தோலை லேசாகக் கீறிப் பார்ப்பார்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகக் காய்ந்திருந்தால், இன்னும் கீழே கீறிப் பார்க்க வேண்டும். அடித்தண்டில் பச்சை இருந்தாலும் போதும், வசந்தத்தில் துளிர்த்துவிடும். இந்தச் சோதனை தெரியாமல் குப்பைக்குப் போன செடிகள் எத்தனையோ!

முருங்கையின் பாடு இன்னும் வேறு. இலையுதிர் காலத்தில் குட்டையாக வெட்டி, தொட்டியோடு பேஸ்மென்டில் வைத்துவிடுவார்கள். மொட்டை மரமாக அது தூங்கும். தண்ணீர் எப்போதாவது ஒருமுறைதான். அங்கே முருங்கை வளர்ப்பதே கீரைக்காகத்தான். காய் பார்ப்பது அபூர்வம்.

கொடுத்து வைத்தவர்கள்

எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் சில குளிர்காலங்களில் செடி போய்விடுகிறது. ஒருநாள் இரவு ஹீட்டர் பழுதானால் போதும். ஊருக்குப் போன மூன்று வாரத்தில் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாமல் போனால் போதும். பத்து வருஷம் பார்த்துப் பார்த்து வளர்த்த செடி விறகாகிவிடும்.

அந்த நேரத்தில் கைகொடுப்பது, முன்பு கொடுத்த கன்றுதான். மூன்று வருஷத்துக்கு முன் பிராம்டனில் இருக்கும் சித்திக்குக் கொடுத்த கன்று இப்போது ஆளுயரம் வளர்ந்திருக்கும். அதன் வேரிலிருந்து முளைத்த பக்கக்கன்று ஒன்று திரும்பி வரும். அதே செடியின் வேரில் வந்த கன்று என்பதால், அது கிட்டத்தட்ட இறந்த செடியே மறுபடி வந்த மாதிரி!

'கொடுத்து வைத்தவர்' என்று அதிர்ஷ்டசாலியைச் சொல்வோம் அல்லவா? இந்தத் தோட்டக்காரர்களின் விஷயத்தில் அந்தச் சொல்லுக்கு நேர் அர்த்தமே பொருந்துகிறது. கொடுத்து வைத்திருந்தால், திரும்பக் கிடைக்கும். யாருக்கும் கொடுக்காமல் ஒற்றைச் செடியைப் பொத்திப் பொத்தி வளர்த்தவருக்கு, அது போனால் போனதுதான்.

சிலருக்கு இது உணர்வு சார்ந்த விஷயமும்கூட. அம்மம்மா வைத்த செடி என்று சொல்லும் வீடுகளில், அம்மம்மா மறைந்த பிறகும் செடி இருக்கும். அதன் கன்றுகள் பேரப்பிள்ளைகளின் அடுக்குமாடி வீடுகளுக்குப் போயிருக்கும். அங்கே ஒரு ஜன்னலில் வெயில் போதவில்லை என்றால், இன்னொரு ஜன்னலில் அது பிழைத்திருக்கும்.

டொரன்டோவில் காய்த்த விதை

காய்கறி விதைகளிலும் இதே கதைதான். ஆனால், இங்கே இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது.

யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுக்கப் பகல் பொழுது ஏறக்குறைய 12 மணி நேரம். டொரன்டோவில் ஜூன் மாதப் பகல் 15 மணி நேரத்தைத் தாண்டும். பகல் நீண்டால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால், நம்மூர் அவரை ரகங்களில் பல, பகல் குறைந்தால்தான் பூக்கும். டொரன்டோவின் கோடையில் அவை வேலி முழுக்கப் படர்ந்து, இலையாகத் தள்ளிக்கொண்டே போகும். செப்டம்பரில் பகல் சுருங்கி, பூ வைத்து, பிஞ்சு விடும் நேரத்தில் உறைபனி வந்துவிடும். ஒரு கோடை உழைப்பும் வீண்!

அதனால்தான் அங்கே 'இது ஊர் விதை' என்பதைவிட, 'இது இங்கே காய்த்த விதை' என்பதற்கு மதிப்பு அதிகம். யார் வீட்டு அவரை ஆகஸ்டிலேயே காய்த்தது என்பது தெரிந்துவிட்டால், அவர் வீட்டுக்கு விதை கேட்டு ஆள் வரும். முதலில் காய்த்த கொடியிலிருந்து விதை எடுத்து, அதையே ஆண்டுதோறும் விதைத்து வந்தால், அந்த மண்ணுக்கும் பகலுக்கும் ஏற்ற விதையாக அது மெல்ல மெல்ல மாறும். பாகற்காயைக் கொடியிலேயே ஆரஞ்சு நிறமாகப் பழுக்கவிட்டு, விதையின் மேலிருக்கும் சிவப்புச் சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, பழைய கடித உறையில் போட்டுப் பெயரும் வருஷமும் எழுதி வைக்கிறார்கள்.

இந்தப் பழக்கம் தமிழர்களுக்கு மட்டுமானது அல்ல. விதைகளைப் பரிமாறிக்கொள்ளும் 'சீடி சாட்டர்டே' என்ற சனிக்கிழமைக் கூடுகைகள் கனடா முழுக்க, குளிர்காலக் கடைசியில் நடக்கின்றன. முதல் கூடுகை 1990-ல் வான்கூவரின் வான்டூசன் தாவரவியல் பூங்காவில் நடந்தது. வெளியே பனி கிடக்கும்போதே உள்ளே மேஜை மேஜையாக விதை உறைகள் பரப்பிக் கிடக்கும்.

வசந்தம் எப்போ சார் வரும்?

பிப்ரவரி 2-ம் தேதி கனடாவில் ஒரு வேடிக்கை உண்டு. ஒன்டாரியோ மாகாணத்தின் வயர்ட்டன் என்ற ஊரில், 'வில்லி' என்ற கிரவுண்ட்ஹாக்கிடம் குறி கேட்பார்கள். கிரவுண்ட்ஹாக், அணில் குடும்பத்தைச் சேர்ந்த, வளை தோண்டி வாழும் பிராணி. அது தன் நிழலைப் பார்த்தால் குளிர் இன்னும் ஆறு வாரம் நீடிக்குமாம். பார்க்காவிட்டால் வசந்தம் சீக்கிரமே வந்துவிடுமாம். கோடையில் தோட்டத்து அவரைக் கொடியைக் கடித்துத் தீர்ப்பதும் இதே இனம்தான் என்பதால், தோட்டக்காரர்கள் அதன் வாக்கை அவ்வளவாக நம்புவதில்லை!

அவர்களுடைய நாள்காட்டி வேறு. மார்ச் தொடக்கத்தில் கத்தரி, மிளகாய் விதைகளை வீட்டுக்குள் தட்டுகளில் ஊன்றுவார்கள். மார்ச் கடைசியில் தக்காளி. ஏப்ரல் பாதிக்கு மேல் பாகல், புடலை, சுரை. ஒவ்வொருவரும் தேவைக்கு இரண்டு மடங்கு விதைப்பார்கள். மிஞ்சுவது எல்லாம் கொடுப்பதற்கு.

ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ டொரன்டோவின் ஹை பார்க்கில் செர்ரி பூக்கும். ஊரே திரண்டு பார்க்கப் போகும். அந்த மரங்களும் ஒரு கொடைதான். இரண்டாம் உலகப் போருக்குப் பின், இடம்பெயர்ந்த ஜப்பானியக் கனடியர்களை டொரன்டோ ஏற்றுக்கொண்டதற்கு நன்றியாக, டோக்கியோ மக்கள் 2,000 செர்ரி மரங்களை 1959-ல் கொடுத்தார்கள். செடி கொடுத்து நன்றி சொல்வது அந்த ஊருக்கும் பழக்கமானதுதான்.

பூ பார்த்துவிட்டோம் என்று நாற்றுகளை உடனே மண்ணில் வைத்துவிடக்கூடாது. மே முதல் பாதியில்கூட இரவில் உறைபனி வரலாம். அதனால் மே 25-க்கு முந்தைய திங்கட்கிழமை வரும் விக்டோரியா நாள் விடுமுறையைத்தான் பலர் நடவுக்கு வைத்திருக்கிறார்கள். அதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பிருந்தே நாற்றுகளைத் தினமும் சில மணி நேரம் வெளியே வைத்துப் பழக்குவார்கள். கறிவேப்பிலை இன்னும் பொறுக்க வேண்டும். இரவு 10 டிகிரிக்குக் கீழே போகாது என்று உறுதியான பிறகு முதலில் நிழலில் சில நாள், பிறகுதான் வெயில்.

அந்த விடுமுறை நாள்களில் கார் டிக்கிகள் நாற்றுத் தட்டுகளால் நிறைகின்றன. இங்கிருந்து ஆறு மிளகாய், அங்கிருந்து நாலு கத்தரி, கூடவே ஒரு பொன்னாங்காணித் தண்டு, ஒரு வல்லாரைக் கொடி. ஐந்து மாதம் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த பெரியவர்கள், அன்றைக்குத்தான் அடுத்த வீட்டு வாசலில் நின்று ஆற அமரப் பேசுகிறார்கள்.

நீங்களும் கொடுக்கலாம்... இதைக் கவனியுங்கள்!

* கறிவேப்பிலைப் பக்கக்கன்றைப் பிடுங்கக் கூடாது. சுற்றி மண்ணைத் தோண்டி, தாய்வேரிலிருந்து வெட்டி, சொந்த வேரோடு எடுக்க வேண்டும். இரண்டு வாரம் நிழலில் வைக்கவும்.
* கறிவேப்பிலை விதை சேமிக்க உதவாது. கறுத்துப் பழுத்த பழத்தின் சதையைக் கழுவியதும் சில நாள்களுக்குள் விதைத்துவிட வேண்டும்.
* வாங்கி வந்த செடியை இரண்டு வாரம் மற்ற செடிகளிடமிருந்து தள்ளி வைக்கவும். செடியோடு பூச்சியும் இலவசமாக வரலாம்!
* சுரை, பாகல், பூசணி ஆகியவை தம் இனத்துக்குள் எளிதில் கலக்கும். ஒரே வகைச் சுரையை மட்டும் வளர்த்து விதை எடுத்தால்தான் அதே காய் கிடைக்கும்.
* கொடுக்கும்போது பெயரும் தேதியும் எழுதிக் கொடுக்கவும். யாரிடம் கொடுத்தீர்கள் என்பதையும் மறக்காமல் குறித்து வைக்கவும். ஒருநாள் நீங்களே போய்க் கேட்க வேண்டியிருக்கும்.

சென்னையின் மாடித் தோட்டத்துக்கு உறைபனி இல்லை. ஆனால் இங்கேயும் வெள்ளம் வருகிறது, கோடை கருக்குகிறது, வாடகை வீடு மாறுகிறது. போன செடியை நினைத்து வருந்தாத தோட்டக்காரர் எந்த ஊரிலும் இல்லை.

ஸ்கார்பரோ வீட்டின் அந்தக் கறிவேப்பிலை இன்னும் ஜன்னலோரம்தான் நிற்கிறது. கீறிய இடத்தில் பச்சை தெரிகிறது. மே மாதம் வந்ததும் அதன் அடியில் முளைக்கும் கன்றுகள் யார் யாருக்கு என்று இப்போதே முடிவாகிவிட்டது.