மாலைப் பொழுதும் வளரும் பிள்ளைகளும்

தறி நின்ற பின்னர், வயல் வேலை முடிந்த பின்னர், நம் வீட்டுப் பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்ற கேள்வி சங்கக் கூட்டங்களில் எழுவதில்லை. நூல் ஒதுக்கீடு, கடன் தவணை, கொள்முதல் விலை ஆகியவற்றோடு கூட்டம் கலைந்துவிடுகிறது. பிள்ளை வழி தவறினால் அது அந்தக் குடும்பத்தின் தலைவிதி என்று விட்டுவிடுகிறோம். அதை ஊர்ப் பொதுக் காரியமாக எடுத்துக்கொண்ட ஒரு தேசத்தின் அனுபவத்தை அங்கத்தினர்களின் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறோம்.

அத்தேசம் ஐஸ்லாந்து, வட அட்லாண்டிக் சமுத்திரத்திலுள்ள தீவு. அங்கு 1998ஆம் ஆண்டில் 15, 16 வயது மாணவர்களிடம் விசாரித்தபோது, முந்திய ஒரு மாதத்திற்குள் குடித்து வெறி கொண்டவர்கள் நூற்றுக்கு 42 பேர் எனத் தெரிந்தது. தினந்தோறும் புகை பிடித்தவர்கள் 23 பேர். மதுவின் தீமையைப் பற்றிப் பள்ளிகளில் உபதேசம் செய்யப்பட்டு வந்தது, பலன் இல்லை. உபதேசத்தால் திருந்தும் வயதா அது? கிளர்ச்சியை நாடும் வேகம் அப்பருவத்தில் முந்திக்கொள்கிறது. பின்விளைவை எண்ணிப் பார்க்கும் மூளைப் பகுதியோ இருபது வயதைக் கடந்த பின்னரே முழுமையடைகிறது.

ஆகவே அந்நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கேள்வியையே மாற்றினர். குடிக்காத பிள்ளைகள் ஏன் குடிக்கவில்லை என்று விசாரித்தனர். வாரத்தில் மூன்று நான்கு நாட்கள் ஒழுங்கான விளையாட்டிலோ கலைப் பயிற்சியிலோ ஈடுபடுதல், வார நாட்களில் பெற்றோருடன் கழிக்கும் நேரம், பள்ளியில் தம்மைக் கவனிப்பவர் உண்டு என்ற எண்ணம், இரவில் வெளியே திரியாமை ஆகியவையே வேறுபாடாகத் தெரிந்தன.

இதனை ஒட்டி ஏற்பாடுகள் நடந்தன. 18 வயதுக்கு உட்பட்டோருக்குப் புகையிலையும், 20 வயதுக்கு உட்பட்டோருக்கு மதுவும் விற்பது தடுக்கப்பட்டது. 13 முதல் 16 வயது வரையுள்ளோர் குளிர்காலத்தில் இரவு 10 மணிக்கு மேலும், கோடையில் 12 மணிக்கு மேலும் தனியே வெளியில் இருத்தலாகாது என்று சட்டம் ஏற்பட்டது. விளையாட்டு, இசை, நடனம் ஆகியவற்றுக்கு அரசு மானியம் உயர்ந்தது. தலைநகரான ரெய்க்யவிக்கில், பயிற்சிக் கட்டணத்திற்காகப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்கப்பட்டது. நம் மனத்தைக் கவர்ந்தது வேறொன்று. பள்ளிகளில் பெற்றோர் கூடி, பிள்ளைகளுக்கு மது வாங்கித் தருவதில்லை, மேற்பார்வையற்ற விருந்துகளை அனுமதிப்பதில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டனர். “மற்றவர்கள் வீட்டில் விடுகிறார்களே” என்னும் வாதம் அத்துடன் செல்லாக் காசாயிற்று. இது கூட்டுறவன்றி வேறென்ன?

2016ஆம் ஆண்டில் வெறி கொண்டோர் நூற்றுக்கு 5 பேராகவும், தினம் புகைப்போர் 3 பேராகவும் குறைந்தனர். அக்காலத்தில் வேறு சில ஐரோப்பிய நாடுகளிலும் சிறுவர் குடி குறைந்ததாதலால், முழுப் பெருமையையும் இந்த ஏற்பாட்டிற்கே கொடுப்பது சரியன்று. அது செல்வமுள்ள சிறு நாடு என்பதையும் மறக்கலாகாது. உள்ளரங்க மைதானங்கள் நமக்குக் கைக்கெட்டாதவை.

ஆயினும் கையெழுத்திடுவதற்குச் செலவில்லை. சங்கக் கட்டடத்தின் முன்னறை மாலை ஆறு மணிக்குப் பூட்டப்படுகிறது. களத்துமேடும் அறுவடைக் காலம் தவிர வெறுமையாகவே கிடக்கிறது. வாரம் மூன்று மாலைகள் சடுகுடு, சிலம்பம், வாசிப்பு என்று நடத்த ஒரு பொறுப்பாளரும் ஒரு விளக்கும் போதும். எதை நடத்துவது என்பதை நிர்வாகக் குழு தீர்மானிக்குமுன் பிள்ளைகளையே கேட்டறிதல் நலம்; ஐஸ்லாந்திலும் முதலில் கேட்டறிந்தது பிள்ளைகளிடமே. பெண் பிள்ளைகளையும் கேட்க வேண்டும். தார் சுற்றுதலும் அடுப்படி வேலையும் அவர்களுடைய மாலையை விழுங்கிவிடுகின்றன. அவர்களுக்கு எந்த நேரம் ஒழியும் என்பது தெரிந்த பின்னரே முன்னறையின் சாவியை யாரிடம் ஒப்படைப்பது, எப்பொழுது திறப்பது என்பவற்றை முடிவு செய்ய இயலும்.